‘உங்க கருத்து என்ன?’ என்று கேட்கிறது பிரெஞ்சு வகுப்பு!



நான் புதுச்சேரியில் வசிக்கும் ஒரு குடும்பத்தலைவி. வயது முப்பத்தாறு. ப்ளஸ் டூ முடித்த கையோடு கல்யாணமாகி வந்தவள். கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள் என்று அளவான குடும்பம். தையல், கேக், டியூஷன் என்று கற்றுக்கொண்டு முன்னேறிய சகோதரிகளின் கடிதங்களை இந்தப் பகுதியில் ஆசையோடு படிப்பேன். நான் கற்றுக்கொண்டது கொஞ்சம் வேறு மாதிரியான விஷயம். 2022-ல் இருந்து மாலை வகுப்பில் பிரெஞ்சு படித்து வருகிறேன். இப்போது ‘பி2’ என்கிற படியில் இருக்கிறேன். அந்த அனுபவத்தைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள நினைக்கிறேன்.

“வீட்டிலே இருக்கிறவளுக்கு எதுக்குடி பிரெஞ்சு?” என்று கேட்காத ஆளில்லை. வெளியூர்த் தோழிகளுக்கு இது வேடிக்கையாகக்கூடத் தோன்றலாம். எங்கள் ஊரின் கதை அப்படி! 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். சட்டப்படி முழு இணைப்பு நடந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். அப்போது ஆறு மாத அவகாசத்துக்குள், “எங்களுக்கு பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும்” என்று எழுதிக் கொடுத்த தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அவர்களில் பலர் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்கள். அவர்களை இங்கே ‘சொல்தா’ என்போம். சிப்பாய் என்பதற்கான பிரெஞ்சு வார்த்தைதான் அது. இன்றைக்கும் பழைய தெருக்களில் பெயர்ப் பலகை தமிழிலும் பிரெஞ்சிலும் இருக்கிறது. கிராமத்து நிர்வாகத்துக்குப் பெயரே ‘கொம்யூன் பஞ்சாயத்து’! 1889-ல் தொடங்கிய அலியான்ஸ் பிரான்சேஸில் இன்றும் பிரெஞ்சு சொல்லித் தருகிறார்கள். ஆக, பிரெஞ்சு எங்களுக்கு வெளிநாட்டுச் சமாச்சாரம் இல்லை, பக்கத்து வீட்டுச் சமாச்சாரம்.

நான் வகுப்பில் சேர்ந்ததற்குக் காரணம் என் மாமியாரின் அக்கா. ‘பெரிய அத்தை’ என்று கூப்பிடுவேன். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவருடைய கணவர் சொல்தாவாக இருந்து காலமானவர். கணவர் இறந்தபின் மனைவிக்கு வரும் பென்ஷனை வைத்துத்தான் பெரிய அத்தையின் ஜீவனம் நடக்கிறது. பிரான்ஸிலிருந்து கடிதம் வந்தாலே அந்த வீட்டில் நடுக்கம் வந்துவிடும். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. படித்துச் சொல்பவருக்குக் காசு, பதில் எழுதித் தருபவருக்குக் காசு. “நம்ம வீட்லே ஒருத்தருக்காவது தெரிஞ்சிருந்தா…” என்று அவர் புலம்புவதைக் கேட்டுக் கேட்டுத்தான், பிள்ளைகள் கொஞ்சம் பெரியவர்களானதும் போய்ச் சேர்ந்தேன்.

முதலில் இந்தப் படிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட முறைப்படி மொழிப் படிப்பை ஆறு படியாகப் பிரித்திருக்கிறார்கள். ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2. ஏ1-ல் பெயர், ஊர், கடை, காய்கறி. ஏ2-ல் நேற்று நடந்தது, நாளை நடக்கப் போவது. பி1 வந்தால் பயணம், வீட்டு விஷயம், மனசிலிருப்பது என்று சுமாராகச் சமாளிக்கலாம். பி2 அதற்கும் மேலே. நடுத்தரத்தில் உயர்ந்த படி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஆரம்பப் படிகளில் எனக்கு உதவி செய்தது, நம்புவீர்களா தோழிகளே, பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் இலக்கணம்தான்! ‘மணி’யும் ‘அடித்தான்’ என்பதும் சேர்ந்தால் ‘மணியடித்தான்’ ஆகிறதில்லையா? அதே போல பிரெஞ்சில் ‘லே’, ‘ஆமி’ (நண்பர்கள்) இரண்டும் சேர்ந்தால் ‘லேஸாமி’. நம்ம புணர்ச்சிதான், வேறென்ன! நாம் ‘நீ’ என்றும் ‘நீங்கள்’ என்றும் பிரித்துச் சொல்வது போல அவர்களிடமும் ‘த்யூ’, ‘வூ’ என்று உண்டு. மரியாதை தெரிந்த நமக்கு இது சுலபம்.

கஷ்டங்களும் இருக்கத்தான் செய்தன. மேஜை பெண்பால், புத்தகம் ஆண்பால். சூரியன் ஆண், நிலா பெண். நமக்கோ எல்லாமே அஃறிணை. தொண்ணூற்றேழு என்று சொல்ல, ‘நாலு இருபது பத்து ஏழு’ என்று கணக்குப் போட வேண்டும். எழுதுகிற எழுத்தில் பாதியை வாயால் சொல்லவே கூடாது. ‘ர’ என்று சொல்ல, தொண்டையில் தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தம். நான் சமையலறையில் அதைப் பழகியபோது என் மாமியார், “சளி பிடிச்சிருக்கா? கஷாயம் போட்டுத் தரட்டுமா?” என்றார்!

இதெல்லாம் நாளடைவில் பழகிப்போகிற கஷ்டம். மனப்பாடம் செய்தால் தீர்ந்தது. பி2 அப்படியில்லை. அங்கே வார்த்தை தெரிந்தால் மட்டும் போதாது. “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?” என்று கேட்கிறார்கள். பிரெஞ்சில், ‘கான் பான்ஸே வூ?’ எங்கள் மதாம் (டீச்சரை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு மாலையில் இதை எத்தனை தடவை கேட்பார் என்று எண்ண முடியாது.

ஒருநாள் எடுத்துக்கொண்ட விஷயம், பள்ளிக்கூடத்தில் செல்போன். பிரான்ஸில் 2018-ல் போட்ட சட்டப்படி, தொடக்கப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும் பிள்ளைகள் போன் பயன்படுத்தக் கூடாது. அது சரியா, தப்பா? எங்கள் வகுப்பில் பெண்கள் நாலு பேர். கேட்டதும் வந்த பதில்களைப் பாருங்கள். “எங்க வீட்டுக்காரர் தப்புன்னு சொல்வார்.” “எங்க அப்பா சரின்னுதான் சொல்வார்.” “எல்லாரும் சொல்றதுதான்.” “ரெண்டும் சரிதான் மதாம்.” மதாம் சிரித்துவிட்டு, “வீட்டுக்காரரும் அப்பாவும் இங்கே பரீட்சை எழுத வரலையே! நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்றார்.

வகுப்பே அமைதியாகிவிட்டது. பிரெஞ்சு தெரியாததால் வந்த அமைதி இல்லை அது. போன் என்றால் என்ன, பள்ளிக்கூடம் என்றால் என்ன என்பதற்கெல்லாம் வார்த்தை கையில் இருந்தது. சொந்தமாக ஒரு கருத்து வைத்துக்கொண்டு, அதற்கு இரண்டு காரணமும் சொல்லி, எதிரே இருப்பவர் மறுத்தால் பதிலும் சொல்லும் பழக்கம்தான் இல்லை. யோசித்துப் பாருங்கள் தோழிகளே, நம்மில் எத்தனை பேரை, எத்தனை தடவை, யார் அப்படிக் கேட்டிருக்கிறார்கள்? “குழம்புக்கு என்ன வைக்கட்டும்?” என்று நாம்தான் மற்றவர்களைக் கேட்கிறோம்!

இந்தப் படிக்கான ‘தெல்ஃப்’ என்ற தேர்வையே அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று நான்கு பகுதி. ஒவ்வொன்றுக்கும் 25 மார்க், மொத்தம் நூறு. பாஸாக 50 எடுக்க வேண்டும். எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. கேட்கும் பகுதியில் சில ஒலிப்பதிவுகள் ஒரே தடவைதான் ஓடும். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். எழுதும் பகுதியில் ஒரு மணி நேரத்தில் குறைந்தது 250 வார்த்தையில் காரணம் காட்டி எழுத வேண்டும். பெரும்பாலும் அது ஒரு அலுவலகத்துக்கோ மேயருக்கோ எழுதும் கடிதமாக இருக்கும். பேசும் பகுதியில் இரண்டு சீட்டு எடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அரை மணி தயாரித்துக்கொண்டு, இருபது நிமிஷம் பேச வேண்டும். தேர்வாளர் வேண்டுமென்றே மறுத்துப் பேசுவார். நாம் கோபப்படாமல், அழாமல், விட்டுக்கொடுக்காமல் நம் பக்கத்தைச் சொல்ல வேண்டும். சான்றிதழ் ஒரு தடவை வாங்கினால் ஆயுசுக்கும் செல்லும்.

இலக்கணம்கூட இதற்குத் தகுந்த மாதிரிதான் இருக்கிறது. ‘அவர் வர்றார்னு நினைக்கிறேன்’, ‘அவர் வர்றார்னு நான் நினைக்கல’ – தமிழில் இரண்டிலும் ‘வர்றார்’ அப்படியே இருக்கிறது. பிரெஞ்சில் அப்படியில்லை. நினைக்கிறேன் என்றால் ‘வியாங்’. நினைக்கவில்லை என்றால் அதே வினை ‘வியென்’ என்று மாறிவிடும். நிச்சயமாகத் தெரிந்ததற்கு ஒரு வடிவம், மனசில் சந்தேகமாகவோ ஆசையாகவோ பயமாகவோ இருப்பதற்கு வேறொரு வடிவம். இந்த இரண்டாவதை ‘சப்ஜோங்க்தீஃப்’ என்கிறார்கள். பெயரைக் கேட்டு எல்லோரும் பயந்தார்கள். எனக்கு அது சீக்கிரம் வந்துவிட்டது. ஏன் தெரியுமா? ‘நீ சாப்பிடணும்’, ‘அவர் சீக்கிரம் வரணும்னு ஆசைப்படறேன்’, ‘குழந்தை விழுந்துடுமோன்னு பயமா இருக்கு’ – இதெல்லாம் அந்த வடிவத்தில்தான் வரும். வீட்டில் நாம் ஒருநாள் முழுக்கப் பேசுவதில் பாதி இதுதானே!

இன்னொன்றும் எனக்குப் பிடித்திருந்தது. தமிழில் ‘வந்தேன்’ என்று எழுதினால் எழுதியது ஆணா பெண்ணா என்று தெரியாது. பிரெஞ்சில் ‘வந்தேன்’ என்று ஒரு பெண் எழுதினால் கடைசியில் ஓர் ‘இ’ எழுத்து கூடுதலாகப் போட வேண்டும். வாயால் சொல்லும்போது அது கேட்காது. எழுத்தில் மட்டும், ‘இதை எழுதியவள் ஒரு பெண்’ என்று நின்றுகொண்டிருக்கும்.

இந்தப் படிப்பு எனக்குக் கைகொடுத்தது 2025 தொடக்கத்தில். பெரிய அத்தைக்குப் பென்ஷன் நின்றுபோனது. ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்றாவது மாதமும் வரவில்லை. மருந்துக் கடையில் கடன். “நான் செத்துட்டேன்னு நினைச்சுட்டாங்களாடி?” என்று அழுதார். பென்ஷன் வாங்குபவர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று அனுப்ப வேண்டும். அதையும் தவறாமல் அனுப்பியிருந்தார். வந்திருந்த கடிதத்தை நான் உட்கார்ந்து நிதானமாகப் படித்தேன். பிரச்னை உயிரில் இல்லை, பெயரில்!

இது புதுச்சேரிக்கே உரிய தலைவலி. பிரெஞ்சுக் காகிதங்களில் நம் பெயர்களை அவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். முருகன் என்பதை இங்கிலீஷில் ‘எம், யூ, ஆர், யூ, ஜி, ஏ, என்’ என்று எழுதுவோம். பிரெஞ்சுக் காகிதத்தில் அதே பெயர் ‘எம், ஓ, யூ, ஆர், ஓ, யூ, ஜி, ஏ, என், இ’! பெரிய அத்தையின் கல்யாணக் காகிதத்தில் பெயர் ஒரு மாதிரி, இங்குள்ள அடையாள அட்டையில் வேறு மாதிரி. “இவர் இருவரும் ஒருவரே என்பதற்கு விளக்கம் தேவை” என்று கேட்டிருந்தார்கள். அதற்கு முன்பு காசு வாங்கிக்கொண்டு கடிதத்தைப் படித்தவர், “சான்று திரும்ப அனுப்பணும், அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டிருந்தார்.

அன்று ராத்திரி பாத்திரம் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். வகுப்பில் கற்றுக்கொடுத்த அதே முறை. முதலில் விஷயம் என்ன என்று இரண்டு வரி. அப்புறம் காரணங்கள். ஒன்று, இரண்டு காகிதத்திலும் பிறந்த தேதி, அப்பா பெயர், கணவர் பெயர் ஒன்றுதான். இரண்டு, எழுத்து மாறியதற்குக் காரணம் இரண்டு மொழிகளின் எழுத்து முறை, ஆளே மாறிவிடவில்லை. மூன்று, இந்த வயதில் இவருக்கு வேறு வருமானம் இல்லை. நடுவில் ‘ஸபாந்தான்’ (ஆனாலும்), ‘பியாங் கு’ (இருந்தபோதிலும்) என்று கோர்த்துக்கொண்டு போனேன். பணத்தைக் கொடுங்கள் என்று வெட்டென்று கேட்கக் கூடாது. ‘கொடுத்தீங்கன்னா நன்றியுள்ளவளா இருப்பேன்’ என்று நாம் சொல்வது போலவே அவர்களிடமும் ஒரு பணிவான நடை உண்டு. கடைசியில், ‘என்னுடைய மேலான வணக்கங்களின் வெளிப்பாட்டை ஏற்றுக்கொள்ளும்படி வேண்டுகிறேன்’ என்று ஒரு நீண்ட வாக்கியம் போட்டுத்தான் முடிக்க வேண்டும். நம்ம ஊர் பழைய மனுக்கள் தோற்றுப்போகும்!

மறுநாள் மதாமிடம் காட்டினேன். இரண்டு இடத்தில் வார்த்தையை மாற்றச் சொன்னார். “காரணம் மூணும் கச்சிதமா இருக்கு. அப்படியே அனுப்புங்க” என்றார். தேவையான நகல்களோடு அனுப்பினோம். ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. விளக்கத்தை ஏற்றுக்கொண்டதாக எழுதியிருந்தார்கள். அடுத்த மாதமே நிலுவையும் சேர்ந்து வந்துவிட்டது. பெரிய அத்தை எனக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்தார். என் மாமியார் தெருவில் எல்லோரிடமும், “எங்க வீட்டுப் பொண்ணு எழுதின லெட்டரு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். கஷாயம் போட்டுத் தருவதாகச் சொன்ன அதே மாமியார்தான்!

என்னோடு படிப்பவர்களுக்கு வேறு வேறு தேவைகள். ஒரு தங்கைக்கு மாப்பிள்ளை பிரான்ஸில். ஒரு பையன் அங்கே போய்ப் படிக்கப் போகிறான். அங்கே பிரெஞ்சு வழியில் பட்டப்படிப்பில் சேரப் பெரும்பாலும் பி2 கேட்கிறார்கள். குடியுரிமை கேட்டு விண்ணப்பிப்பவர்களுக்கு முன்பு பி1 போதுமானதாக இருந்தது. 2024-ல் கொண்டுவந்த சட்டப்படி, 2026 ஜனவரி 1 முதல் பி2 வேண்டும். ஆகவே, பெண்ணை பிரான்ஸ் மாப்பிள்ளைக்குக் கொடுக்க நினைக்கும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை: நகை சேர்ப்பதோடு மொழியையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புங்கள். அங்கே போனபின் டாக்டரிடமும் பள்ளிக்கூடத்திலும் தன் பக்கத்தைத் தானே சொல்லத் தெரிந்தால்தான் பெண்ணுக்குப் பலம். ஒவ்வொன்றுக்கும் கணவரின் வாயை எதிர்பார்த்து நிற்பது எவ்வளவு கஷ்டம்!

வேலையோடு எப்படிப் படிக்கிறாய் என்று கேட்பவர்களுக்காக, எனக்குப் பயன்பட்ட சில வழிகளையும் சொல்கிறேன்.

வாரத்தில் மூன்று நாள், மாலை ஆறு முதல் எட்டு வரை வகுப்பு. அந்த நாட்களில் ஐந்து மணிக்கே குழம்பும் பொரியலும் முடித்து மூடி வைத்துவிடுவேன். சாதம் வடிப்பது கணவர் பொறுப்பு. முதலில் முணுமுணுத்தார். இப்போது பதமாக வடிக்கிறார்.

அடுப்படியில் ஒரு சின்ன நோட்டு. ஒருநாளைக்கு ஐந்தே வார்த்தை. வார்த்தையைத் தனியாக எழுதாமல், வீட்டில் நடந்த விஷயத்தை வைத்து ஒரு வாக்கியமாக எழுதுவேன். அப்போதுதான் நிற்கும்.

பிரான்ஸின் ஆர்.எஃப்.ஐ. வானொலி, எளிய பிரெஞ்சில் சுமார் பத்து நிமிஷச் செய்தி தருகிறது. காய் நறுக்கும்போது போனில் அதைப் போட்டுவிடுவேன். முதல் மாதம் மழை பெய்கிற சத்தம் போலத்தான் இருந்தது. போகப் போகத் துளித்துளியாகப் பிரிந்து கேட்டது. டிவி5 மோந்த் என்ற பிரெஞ்சு டிவிக்காரர்கள் படிவாரியாகப் பயிற்சிகளை இலவசமாகவே கொடுக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, தினம் ஒரு விஷயத்தில் என் கருத்தை மூன்று வரியில் எழுதுவது. ‘ஒரு பக்கம் இப்படி, இன்னொரு பக்கம் இப்படி, ஆகவே என் எண்ணம் இது.’ கடையில் பிளாஸ்டிக் பை தரலாமா? பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் தேவையா? சமையல் ஆண்களுக்கும் உண்டா? பிரெஞ்சு வராத நாளில் தமிழிலாவது எழுதிவிடுவேன்.

அந்தப் பழக்கம் வீட்டுப் பேச்சிலும் வந்துவிட்டது. போன வருஷம் மகள் பத்தாவது முடித்தபோது, என்ன குரூப் எடுப்பது என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் காபி கொடுத்துவிட்டு உள்ளே போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து, “ஒரு பக்கம் சயின்ஸ் எடுத்தா வாய்ப்பு நிறைய இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா அவளுக்குக் கணக்குப்பதிவியல்தான் பிடிச்சிருக்கு, மார்க்கும் அதுக்குத் தகுந்த மாதிரிதான் இருக்கு. அதனால காமர்ஸ் எடுக்கட்டும்னு நினைக்கிறேன்” என்றேன். மறுத்தார்கள். பதில் சொன்னேன். குரல் உயரவில்லை, கண்ணும் கலங்கவில்லை. கடைசியில் என் கணவர், “அவ சொல்றதுல ஞாயம் இருக்கு” என்றார். மகள் காமர்ஸில் சந்தோஷமாகப் படிக்கிறாள்.

அடுத்து வரும் தெல்ஃப் தேர்வுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். 250 வார்த்தை எழுத ஒரு மணி நேரம் போதுமா என்ற கவலை இன்னும் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் கேள்வியைப் பார்த்துப் பயம் இல்லை.

தோழிகளே, எல்லோரும் பிரெஞ்சு படிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் ஊரில் இந்தியோ, தெலுங்கோ, கம்ப்யூட்டரோ, எது தேவையோ அதைப் படியுங்கள். எதைப் படித்தாலும் வார்த்தை சேர்ப்பதோடு நிறுத்திவிடாமல், உங்கள் கருத்தைக் காரணத்தோடு சொல்லும் படி வரைக்கும் ஏறிப் பாருங்கள். அங்கே போனபிறகுதான் தெரிகிறது, நமக்குள் எத்தனை கருத்துகள் கேட்பாரில்லாமல் கிடந்தன என்று!

– புதுவை வாசகி